பாலசமுத்திரத்தில் ஆறு போர்ஷன்

நாலு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ரூபாய்.

டெனிஸ் தன் அக்கா கித்தேரியம்மாளுக்குத் தர வேண்டிய பாக்கி அது. போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நாலு லட்சத்து எழுபத்து மூவாயிரமாக இருந்தது. பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவள் கையில் ஐயாயிரத்தைத் திணித்துவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிட்டான். அந்த ஐயாயிரம் எங்கிருந்து வந்தது என்பது அவனுக்கும் இன்னொரு ஆளுக்கும் மட்டும்தான் தெரியும்.

கடன் வந்த கதை பழைய கதை. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியின் சமையல்கட்டில் ஆயுசில் பாதியைப் புகையோடு புகையாகக் கழித்தவள் கித்தேரியம்மாள். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஐந்து லட்சத்தைத் தம்பிக்கு வேன் வாங்கக் கொடுத்தாள். வேன் இரண்டு சீசன் ஓடியது. மூன்றாவது சீசனில் நோய் வந்து ஊரே கதவடைத்தது. தவணை நின்றது. ஃபைனான்ஸ்காரன் வேனை ஓட்டிக்கொண்டு போனான். கடன் மட்டும் எங்கும் போகவில்லை.

அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அதுதான் அவனைத் தின்றது. கேட்டு நாலு வார்த்தை ஏசியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வீட்டில் போய்த் தூங்கியிருப்பான். இப்போது அடுத்தவன் ஜீப்பை ஓட்டிக் கூலி வாங்குகிறவன், நின்ற இடத்தில் நிற்காமல், உட்கார்ந்த இடத்தில் உட்காராமல் அலைந்தான்.

அந்த நேரத்தில்தான் வில்பட்டியில் அக்காவுக்கு மிஞ்சியிருந்த அம்மா வீடு விலை போனது. டெனிஸ் தன் பங்கை எப்போதோ விற்றுத் தின்றுவிட்டான். அவள் பங்கைக் காட்டேஜ் கட்டுகிற ஒருவர் நாற்பத்தொரு லட்சத்துக்கு முடித்தார். புருஷன் இல்லாதவள், கல்யாணத்துக்கு நிற்கிற மகள் ஃபெமினாவை வைத்திருக்கிறவள். ஹோட்டல் ரிசப்ஷனில் ஃபெமினா வாங்குகிற சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரி. அந்த நாற்பத்தொன்றை வைத்து நாலைந்து குடி இருக்கிற காம்பவுண்டு ஒன்றை வாங்கிப் போட்டால், மாதம் பிறந்தால் வாடகை வரும். அதைத் தின்று காலத்தை ஓட்டிவிடலாம் என்பது அவள் ஆசை. ஆசை என்ன, அது ஒன்றுதான் வழி.

வீடு தேடுகிற வேலையை டெனிஸ் தலையில் போட்டுக்கொண்டான். சீசன் இல்லாத நாளெல்லாம் ஊர் ஊராக இறங்கினான். வில்பட்டிப் பக்கம் விலை, குடியிருக்க வருகிறவன் தரும் வாடகையை வைத்து இல்லை, மே மாதம் வந்து போகிறவன் தரும் காசை வைத்து. ஐப்பசி கார்த்திகையில் பாதி கதவு பூட்டிக் கிடக்கும். வத்தலக்குண்டில் விசாரித்தால், மலையில் இடத்தை விற்றவனெல்லாம் அங்கேதான் வந்து இறங்குகிறான். விலை அதற்குள் மலை ஏறியிருந்தது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட் இருக்கிற வரைக்கும் குடி வர ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாலு போர்ஷனுக்கு நாற்பது லட்சம் சொன்னார்கள். கோடை வந்தால் தண்ணீர் லாரியில்.

கடைசியில் பழனிக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில், பாலசமுத்திரத்தில் ஒரு காம்பவுண்டு அகப்பட்டது. ஆறு போர்ஷன். முப்பத்தாறு லட்சம். போர்ஷனுக்கு நாலாயிரம் வாடகை போகும் என்றார் புரோக்கர் பொன்னுச்சாமி. டெனிஸ் போய் நின்று பார்த்தபோது ஆறு வாசலிலும் கோலம் இருந்தது, ஆறு கொடியிலும் துணி காய்ந்தது. ஒரு வீடுகூடக் காலி இல்லை.

கொடைக்கானலில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ரூம் ஃபுல் என்றால் காசு. ரூம் காலி என்றால் நஷ்டம். அவன் படித்த படிப்பு அவ்வளவுதான். ஃபுல்லாக இருக்கிற வீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. ஊருக்கு வந்து பழைய கூட்டாளி ஸ்டீவனிடம்கூடப் பெருமையாகச் சொன்னான்.

இன்றைக்கு முன்பணம் கொடுக்கிற நாள்.

வெள்ளனே ஜீப்பில் ஏறியாயிற்று. ஜீப் கண்ணாடியில் மூடுபனி பால் ஊற்றியதுபோல வழிந்தது. கித்தேரியம்மாள் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மடியில் ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையில் மேலே பிளாஸ்க், நடுவில் பன் பாக்கெட், அடியில் இரண்டு லட்சம். ஃபெமினாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கம்பளிச் சால்வையோடு ஜீப் ஓரத்தில் வந்து நின்றாள்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தது அவள்தான். பத்து வருஷத்துக்குச் சுத்தமாக இருந்தது. பட்டாவும் சரி. ஆனாலும் அவளுக்கு ஒன்று உறுத்தியது. அதை இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாமா, மத்த ஊர்லல்லாம் நூறு ரூபா போட்டா வருஷத்துக்கு வாடகை மூணு, நாலு, மிஞ்சிப் போனா அஞ்சுதான் வருது. இங்க மட்டும் எப்படி எட்டு?"

"கீழ எடம் சல்லிசு பாப்பா."

"ஒட்டன்சத்திரமும் கீழதான இருக்கு."

டெனிஸ் ஜீப்பைக் கிளப்பினான். அதற்குப் பதில் தேட அவன் விரும்பவில்லை. பத்திரம் பதிவாகிற அன்றைக்குப் பொன்னுச்சாமி அவனுக்கு ஒரு லட்சம் தருவதாகப் பேச்சு. டோக்கனாக ஐயாயிரம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அக்கா கைக்குப் போனது அதுதான்.

அது தப்பு என்று அவனுக்குத் தோன்றியதேயில்லை. மலையில் டிரைவர்மார் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். வந்தவனை எந்தக் காட்டேஜில் கொண்டுபோய் இறக்குகிறாயோ அந்த முதலாளி உனக்குக் கமிஷன் தருவார். வந்தவனுக்கு அது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அக்காவும் ஒரு பார்ட்டிதானே என்று ஒரு மனது சொன்னது. அந்த லட்சத்தை வாங்கி அவளிடமே கொடுத்துவிடப் போகிறோமே என்று இன்னொரு மனது சொன்னது. இரண்டு மனதும் ஒரே பக்கம் பேசினாலும் அவனுக்கு ஏனோ தூக்கம் வரவில்லை.

மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு சூடு ஏறியது. பெருமாள்மலை தாண்டி ஒரு ஸ்வெட்டர், சவரிக்காட்டில் இன்னொன்று என்று கழற்றிக்கொண்டே வந்தாள் கித்தேரியம்மாள். அடிவாரத்தில் கொய்யாத் தோப்புகள் தெரிந்தபோது, இங்கேயே ஒரு போர்ஷனில் குடி வந்துவிடலாமா, முழங்கால் வலிக்கு நல்லது என்று சிரித்தாள். டெனிஸ் சிரிக்கவில்லை. அவன் கால் ஆக்ஸிலேட்டரில் தேவைக்கு மேல் அழுந்திக்கொண்டிருந்தது.

பொன்னுச்சாமி பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். பேச்சிலேயே நெய் மணக்கும் மனுஷன். வாங்கம்மா, மலைக்காற்றைக் கொஞ்சம் கொண்டுவந்தீங்களா என்று கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தார். காம்பவுண்டு முற்றத்தில் வேப்பமரத்து நிழலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, உரிமையாளர் சேனாதிபதி வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். குடிக்கக் கலர் வந்தது. பேச்சு மெல்ல விலையிலிருந்து தேதிக்கு நகர்ந்தது.

டெனிஸால் அங்கே உட்கார முடியவில்லை. முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனான்.

பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மோட்டாரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசி போர்ஷனில் குடியிருக்கிற அழகுமலை. செங்கல் சூளையில் வேலை. மோட்டார் எரிந்துவிட்டதாகவும், வீட்டுக்கு அறுநூறு போட்டு ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு போவதாகவும் சொன்னார். வீட்டுக்காரர் செய்து தரமாட்டாரா என்று டெனிஸ் பேச்சுக்குக் கேட்டான்.

"அவருக்கென்னங்க சோலி? வாடகையா வாங்குறாரு? நாங்க ஆறு வீடும் ஒத்திக்குல்ல கெடக்கோம்."

டெனிஸின் கையிலிருந்த தண்ணீர் ஒழுகிப் போனது.

ஒத்தி என்பது அவன் அறியாத சொல்லா? வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது. காலி செய்கிற அன்று கொடுத்த பணம் அப்படியே திரும்பி வர வேண்டும். திண்டுக்கல், மதுரைப் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிற வழக்கம். தெரிந்தும் அவன் கேட்கவில்லை. ஃபுல்லா என்று கேட்டவன், என்ன தருகிறீர்கள் என்று ஒரு வாசலில்கூடக் கேட்கவில்லை.

எவ்வளவு என்று கேட்டான். வீட்டுக்கு மூன்று லட்சம். முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். பதிவு செய்யவில்லை, அதனால்தான் வில்லங்கத்தில் வரவில்லை.

அழகுமலை ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தார். "வாங்குறவுகதான் எங்க பணத்துக்குப் பொறுப்புன்னு அய்யா சொல்லிட்டாருங்க. நீங்கதான் வாங்குறீங்களா?"

"எங்க அக்கா."

"பாத்தா நல்லவுகளாத்தான் தெரியுது," என்றார் அழகுமலை. அந்தக் குரலில் இருந்தது ஆறு குடும்பத்தின் பயம்.

பதினெட்டு லட்சம். அக்காவின் நாற்பத்தொன்றில் வீட்டு விலையும் பதிவுச் செலவும் போனால் மிஞ்சுவது ஒரு லட்சமோ இரண்டோ. மாதம் பிறந்தால் வாடகை என்று ஒரு ரூபாய் வராது. ஒவ்வொருத்தர் காலி செய்யும்போதும் மூன்று மூன்று லட்சம் கேட்டு வாசலில் வந்து நிற்பார்கள். முப்பத்தாறும் பதினெட்டும் ஐம்பத்துநாலு. அவன் மனசுக்குள்ளேயே ஃபெமினாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தான். அந்த எட்டு ரூபாய், ஐந்தாக இறங்கி ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எந்த ஊரும் யாருக்கும் சும்மா கொடுக்கவில்லை.

திரும்பினால் பொன்னுச்சாமி நின்றார். அழகுமலையையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இவன் தோளில் கையைப் போட்டு, மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஒத்திங்கிறது ஊர்ல இல்லாததா டிரைவர் சார்? ஒருத்தன் காலி பண்ணுனா அடுத்தவன்கிட்ட வாங்கி இவனுக்குக் குடுக்கப் போறீங்க. அது பாட்டுக்கு ஓடும். ஒண்ணை ரெண்டாக்கித் தர்றேன். பேசாம வந்து உக்காருங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அது பாட்டுக்கு ஓடும்தான். அக்கா மட்டும் வாடகை வராத வீட்டுக்குச் சொந்தக்காரியாக, கொடைக்கானலில் வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பாள்.

இரண்டு லட்சம் என்ற சொல் அவன் காதுக்குள் வண்டுபோலச் சுற்றியது. பாக்கி பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஓடி ஒளிய வேண்டாம். அவன் கால்கள் பொன்னுச்சாமியோடு முற்றத்துக்கு நடந்தன. நாற்காலியில் உட்கார்ந்தான்.

கித்தேரியம்மாள் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்துத் தரையில் வைத்தாள். பன் பாக்கெட்டை அதன் மேல் வைத்தாள். மஞ்சள் துணியில் சுற்றிய கட்டை எடுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். சமையல்கட்டில் சுட்டுச் சுட்டுக் காய்த்துப்போன விரல்கள். முடிச்சு சட்டென்று அவிழவில்லை. தம்பியைப் பார்த்து, நீ அவிழ்த்துத் தா என்று நீட்டினாள்.

டெனிஸ் கட்டை வாங்கினான். முடிச்சில் விரலை வைத்தான். சேனாதிபதி கட்டைவிரலை நாக்கில் தொட்டு எண்ணத் தயாராக இருந்தார்.

"அக்கா, பணத்தை உள்ள வை," என்றான் டெனிஸ். "இங்க வாடகை ஒண்ணும் இல்ல. ஆறு வீடும் ஒத்தி. பதினெட்டு லட்சம் நீதான் திருப்பிக் குடுக்கணும்."

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அப்படியே நின்றாள்.

கித்தேரியம்மாள் பதறவில்லை. சேனாதிபதியைப் பார்த்து, தம்பி சொல்வது சரியா என்று கேட்டாள். சரிதான், அதற்கென்ன, இந்தப் பக்கத்து வழக்கம்தானே என்றார் அவர். அப்படியானால் பதினெட்டைக் கழித்துவிட்டு மிச்சப் பதினெட்டுக்கு எழுதித் தாருங்கள், இப்போதே முன்பணம் தருகிறேன் என்றாள். சேனாதிபதி வாய்விட்டுச் சிரித்தார். ஒத்திப் பணமெல்லாம் மகனுக்குக் கடை வைத்ததில் போய்விட்டது. கழித்தால் தன் கையில் என்ன நிற்கும் என்று கேட்டார். அவர் கஷ்டம் அவருக்கு.

பொன்னுச்சாமிக்குத்தான் பொறுக்கவில்லை. பேச்சிலிருந்த நெய் வற்றிப்போனது.

"உங்க தம்பி இன்னைக்கு யோக்கியம் பேசுறாரும்மா. எங்கிட்ட ஐயாயிரம் டோக்கன் வாங்கிட்டுத்தான் உங்களை இங்க கூட்டியாந்துருக்காரு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

அவள் கேட்கவில்லை. தம்பி பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் கையிலிருந்த கட்டை வாங்கிப் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். ஐயாயிரத்தை எண்ணி எடுத்தாள். பொன்னுச்சாமியின் நாற்காலிக் கையில் வைத்தாள்.

"இது உங்களுது."

பிளாஸ்க், பன், பை. எழுந்து நடந்தாள். இவர்கள் இல்லாவிட்டால் வேறு பார்ட்டி, நாளைக்கே மலையிலிருந்து ஒருத்தர் முன்பணத்தோடு இறங்குகிறார் என்று பொன்னுச்சாமி பின்னால் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் அழகுமலை மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். இவர்கள் போவதைப் பார்த்து அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை.

ஏற்றத்தில் ஜீப் முனகியது. மலை இறங்கும்போது சிரித்துக்கொண்டே வந்தவள், ஏறும்போது பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோது திடீரென்று சொன்னாள்.

"நாலு லட்சத்து எழுபத்து மூவாயிரம்."

"ஆமாக்கா," என்றான். ஐயாயிரம் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

இன்னும் இரண்டு வளைவு போனதும்தான் அவனுக்குப் பொறி தட்டியது. நாளைக்கு மலையிலிருந்து இறங்குகிற பார்ட்டி யார்? ஆறும் ஃபுல் என்று, புரோக்கர் பேரோடு, தான் வாய் நிறையச் சொன்னது ஸ்டீவனிடம் மட்டும்தான். ஸ்டீவன் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை எங்கே போடலாம் என்று தேடிக்கொண்டிருந்தவன். வண்டியை ஓரம் கட்டிப் போனை எடுத்தான். டவர் இல்லை. அக்காவிடம் சொன்னான். சவரிக்காட்டில் டவர் கிடைக்கும், வெரசாப் போ என்றாள்.

சவரிக்காட்டு டீக்கடையில் ஜீப்பை நிறுத்தி மூன்று தடவை போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கடை வாசலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தான். கித்தேரியம்மாள் முதல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, டீயில் பன்னை நனைத்துத் தின்றபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, ஒரு எடத்துல உக்காரு. அந்தக் கமிஷனை வாங்கி என்ன செய்றதா இருந்த?"

அவன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். "உனக்குத்தான்."

"எனக்கு?"

"பாக்கியில கொஞ்சம் அடைக்கலாம்னு."

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, டீ கொட்டி, கடைக்காரர் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. என் காசை எடுத்து எனக்கே தருவதற்கு இவ்வளவு தூரம் டீசல் போட்டு வந்தாயா என்று கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு ஊரு சுத்துன. நாலுலயும் நீ வீட்டைப் பாக்கல டெனிஸ். என் கடனைத்தான் பாத்த. அது உன் முதுகுல இருக்கிற வரைக்கும் எனக்கு வீடு பாக்க நீ லாயக்கில்ல."

காலி டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"அதனால அதை விட்டுட்டேன். ஃபெமினாகிட்டயும் சொல்லிடுறேன். இனி நீ எனக்கு ஒண்ணும் தரவேண்டாம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமை ஃபெமினாவுக்கு லீவு, ஒட்டன்சத்திரம் போகிறோம் என்றாள். அந்த நாலு போர்ஷனில் ஒவ்வொரு கதவையும் தட்டி, என்ன தருகிறார்கள், எப்படித் தருகிறார்கள், தண்ணீருக்கு எவ்வளவு ஆகிறது என்று அவன் கேட்க வேண்டும். விலை படியாவிட்டால் வேறு ஊர். அவசரம் ஒன்றும் இல்லை. ஸ்டீவனை மட்டும் இன்றைக்கே வீட்டில் போய்ப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பைக்குள் கையை விட்டாள். எண்ணூறு ரூபாயை எடுத்து அவன் முன்னால் பெஞ்சில் வைத்தாள்.

"இது இன்னைக்குப் பேட்டா. டீசலு தனி."

டெனிஸ் அந்த நோட்டுகளைத் தொடவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

"வேண்டாங்க்கா. பாக்கியில கழிச்சுக்க."

கித்தேரியம்மாள் இரண்டாவது ஸ்வெட்டருக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தாள். கம்பளிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"எதுல கழிக்க?"